கடைசி வாரங்களில் உணவு: முற்றிய கணையப் புற்றுநோயில் ஒரு ஹாஸ்பிஸ் நிகழ்வு ஆய்வு

இது ஒரு தனி நோயாளியின் கோப்பு அல்ல. முற்றிய கணையப் புற்றுநோயோடு ஹாஸ்பிஸுக்கு, அதாவது இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான பராமரிப்புக்கு, வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளைச் சேர்த்து, பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு. மருந்தளவுகள் நடைமுறையில் உள்ளவை. ஆனாலும் இன்னொரு நோயாளிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம், கல்லீரல், உடன் இருக்கும் மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோயாளி சாப்பிடவில்லை என்றால் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. "கேன்சர் முத்திடுச்சு, இனி இப்படித்தான்" என்று வாயைக்கூடத் திறந்து பார்க்காமல் விட்டுவிடுவது ஒன்று. உடல் உணவைக் கேட்காத கட்டத்திலும் வற்புறுத்தி ஊட்டுவது இன்னொன்று. இந்த நிகழ்வில் ஆறு வார இடைவெளிக்குள் இரண்டுக்கும் இடமிருந்தது.

சேர்க்கையின்போது

66 வயது ஆண். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. காமாலைக்காகப் பித்தநாளத்தில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய், வைத்தாயிற்று. இரண்டாவது கீமோதெரபியும் பலன் தராமல் நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். உயரம் 168 செ.மீ. ஆறு மாதத்துக்கு முன் 64 கிலோ இருந்தவர், இப்போது 51. அதாவது 20 சதவீத எடை போயிருக்கிறது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 18. பகலில் பெரும்பகுதி உட்கார்ந்தோ படுத்தோ இருக்கிறார், குளிக்கத் துணை வேண்டும். நோயாளியின் இயக்கத்தை அளக்கும் பேலியேட்டிவ் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கேல் என்ற பி.பி.எஸ். அளவையில் 50 (100 என்றால் முழு இயக்கம், 0 என்றால் மரணம்).

மருந்துச் சீட்டில் பதினொன்று: மார்ஃபின், பாராசிட்டமால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின், ரத்த அழுத்த மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம், மல்டிவைட்டமின், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், உணவைச் செரிக்க உதவும் கணைய நொதி கேப்ஸ்யூல், நார்ச்சத்துத் தூள்.

மகள் சொன்ன குறை ஒன்றுதான்: "அப்பா சாப்பிடவே மாட்டேங்கிறார்." ஒவ்வொரு வேளையும் என்ன உள்ளே போனது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தார். தனியாகக் கேட்டபோது அப்பா சொன்னது வேறு: "ரெண்டு வாய் வச்சதுமே வயிறு முட்டிக்குது. வாயெல்லாம் எரியுது. அவ மனசு கஷ்டப்படுமேன்னு வாங்கி வச்சுக்கறேன்." தலையணைக்கு அடியில் மடித்து வைத்த காகிதக் கைக்குட்டைகளில் மென்று துப்பிய உணவு இருந்தது. நோட்டில் 900 கலோரி என்று எழுதியிருந்த நாளில் உண்மையில் வயிற்றுக்குப் போனது அதில் பாதிதான். உட்கொண்ட அளவைக் குடும்பத்தாரின் கணக்கை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இப்படித்தான் ஆகும். அவர்கள் பொய் சொல்வதில்லை, நோயாளி அவர்களைக் காப்பாற்றுகிறார்.

தேடிப் பார்த்தது என்ன

முதலில் வாய். பல்செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்கை உயர்த்தி, கன்னத்தின் உட்புறத்தை விரித்துப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. மேல் அண்ணத்தில், பல்செட் அமரும் இடம் முழுக்கச் செக்கச் சிவந்திருந்தது. கன்னங்களில் துடைத்தால் உரியும் வெள்ளைப் படலம். கேண்டிடா பூஞ்சைத் தொற்று. பல்செட்டைப் போட்டபடியே பார்த்திருந்தால் பாதி கண்ணில் பட்டிருக்காது. நாக்கு வறண்டிருந்தது, அதற்கு மார்ஃபினும் ஒரு காரணம்.

அடுத்தது குடல். ஆறு நாளாக மலம் கழிக்கவில்லை. அதற்கு முன்பு நாளுக்கு மூன்று நான்கு முறை வெளிறிய, எண்ணெய்ப் பசையுள்ள, தண்ணீரில் மிதக்கும் மலம் போயிருக்கிறது. மார்ஃபின் அளவைக் கூட்டியதும் அது நின்றது. வீட்டில் "வயித்துப்போக்கு சரியாயிடுச்சு" என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் கொழுப்பு செரிக்காத குறை அப்படியே இருக்க, அதன் மேல் மலச்சிக்கல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆசனவாய்ப் பரிசோதனையில் கெட்டியான மலம் தட்டுப்பட்டது.

நொதி கேப்ஸ்யூலை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று செய்து காட்டச் சொன்னதும் காரணம் புரிந்தது. சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, உள்ளே இருக்கும் மணிகளைச் சூடான பாலில் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சூடு நொதியைக் கெடுத்துவிடும். மணிகளின் மேல்பூச்சு அமிலத்தைத் தாங்குமே தவிர பால் போன்ற அமிலமற்ற திரவத்தில் கரைந்துவிடும். பிறகு இரைப்பை அமிலத்தில் மீதியும் செயலிழக்கும். உணவு முன்னே போய்விட்ட பிறகு எஞ்சியது வந்தும் பயனில்லை. 'நொதி கொடுக்கப்படுகிறது' என்று கோப்பில் எழுதியிருப்பதை நம்பிக் கடந்துபோக முடியாதது இதனால்தான்.

வாந்தி இல்லை. இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். கணையத் தலைப்பகுதிப் புற்று முன்சிறுகுடலை அழுத்தி அடைத்துவிடக்கூடும். அப்போது முந்தைய வேளை உணவு செரிக்காமல், பெருமளவில், பல மணி நேரம் கழித்து வாந்தியாக வரும். அடைப்பு இருந்தால் கீழே வரும் திட்டத்தின் பாதி செல்லாது. இவருக்கு இருந்தது சீக்கிரம் வயிறு நிறையும் உணர்வு மட்டும். வயிற்றில் நீர் கோத்திருக்கவில்லை. வீங்கிய கல்லீரல் இரைப்பையை அழுத்தியிருந்தது, மலக்கட்டும் சேர்ந்துகொண்டது.

இவற்றுக்கெல்லாம் அடியில் கேகெக்ஸியா, அதாவது நோயால் உடல் கரைந்து மெலியும் நிலை, இருக்கிறது. 2011இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த வரையறைப்படி, ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே புற்றுநோய்க் கேகெக்ஸியா. பி.எம்.ஐ. 20க்குக் கீழே இருந்தால் 2 சதவீதமே போதும். பட்டினியால் மெலிபவரின் உடல் முதலில் கொழுப்பை எரித்துத் தசையைக் காக்கும், உணவு கொடுத்தால் தேறும். கேகெக்ஸியாவில் ஐ.எல்.-6, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்கள் பசியை அடக்குவதோடு தசைப் புரதத்தையும் உடைக்கின்றன. கல்லீரல் அழற்சிப் புரதங்களைத் தயாரிப்பதில் இறங்கிவிடுவதால் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் குறைகிறது. 'ஆல்புமின் கம்மி, புரதம் கொடுங்கள்' என்ற வழக்கமான கணக்கு இங்கே பொய்த்துப்போகும். மூன்று மாதத்துக்குள் ஆயுள் முடியும் என்ற நிலையில், சிகிச்சைக்குக் கட்டுப்படாத நோயோடு, படுக்கையில் கழியும் நேரம் கூடிக்கொண்டே போகும் கட்டத்தை அதே வரையறை மீளாக் கேகெக்ஸியா என்கிறது. இவர் அதன் வாசலில் இருந்தார்.

ஆக, எடையை மீட்பது நோக்கமாக இருக்க முடியாது. வாய் எரியாமல், வயிறு முட்டாமல், பிடித்ததைக் கொஞ்சம் ருசித்துச் சாப்பிட வைக்க முடியும். அதையே நோக்கம் என்று கோப்பில் எழுதி, அவரிடமும் மகளிடமும் ஒரே நேரத்தில் சொல்லப்பட்டது. அன்று முதல் எடை பார்ப்பது நிறுத்தம். கால் வீக்கம் வரும்போது எடை பொய் சொல்லும், குறைந்தால் மனம் உடையும். எந்த முடிவையும் மாற்றாத அளவீட்டை எடுப்பதில் பயனில்லை.

சீட்டைக் குறைத்தது

வயிறு முட்டும் ஒருவருக்குக் காலையில் எட்டு மாத்திரையும் அதற்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் கொடுத்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. மெட்ஃபார்மின் குமட்டலும் பசிக்குறைவும் தரும், நிறுத்தப்பட்டது. ஸ்டாட்டின் பல ஆண்டுகள் கழித்து வரும் பலனுக்கானது. ஆயுள் குறுகிய நோயாளிகள் 381 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் அதை நிறுத்துவது பாதுகாப்பானதாகவே தெரிந்தது. இரும்புச்சத்து மலத்தை இறுக்கும், வாயில் உலோகச் சுவை தரும். கால்சியம், மல்டிவைட்டமின் இரண்டும் தேவையில்லை. ரத்த அழுத்தம் 100/60 என்று இறங்கி எழுந்தாலே தலை சுற்றியதால் அந்த மாத்திரையும் நின்றது.

நார்ச்சத்துத் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நன்றாக நீர் அருந்தி நடமாடுபவருக்கு அது உதவும். மார்ஃபின் எடுத்துக்கொண்டு நாளுக்கு அரை லிட்டர்கூடக் குடிக்காதவருக்கு அது குடலுக்குள் கட்டியாக இறுகி அடைப்பையே உண்டாக்கலாம். அதை அன்றே எடுத்து வைக்கச் சொன்னார்கள். பான்டோபிரசோல் தொடர்ந்தது, இரைப்பை அமிலம் குறைந்தால் நொதி நன்றாக வேலை செய்யும் என்பதற்காக.

உணவுக் கட்டுப்பாடுகளும் அன்றோடு நீங்கின. சர்க்கரைக்குறைப்பு, உப்புக்குறைப்பு, கொழுப்புக்குறைப்பு எதுவும் இல்லை. ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 108 முதல் 270 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கட்டத்தில் குறைந்துபோகும் சர்க்கரைதான் கூடுதலான சர்க்கரையைவிட ஆபத்து. தாகமும் அடிக்கடி சிறுநீரும் வராத வரை இந்த எல்லைக்குள் இருக்கும் எண்ணுக்காகக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டியதில்லை.

சிகிச்சை, வரிசைப்படி

முதல் நாள் மலக்கட்டு. பிசகோடில் 10 மி.கி. ஆசனவாய் மருந்து. இதை மலத்துக்குள் குத்தி வைத்தால் வேலை செய்யாது, மலக்குடலின் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். கெட்டி மலத்தை இளக்கக் கிளிசரின் ஒன்று சேர்த்து வைக்கப்பட்டது. மறுநாள் காலை மலம் இறங்கியது. தொடர்ந்து இரவில் மலமிளக்கியான சென்னா 8.6 மி.கி. இரண்டு மாத்திரை, பிறகு நான்கு. மேக்ரோகால் தூளும் நல்ல மருந்துதான். ஆனால் ஒரு பொட்டலத்துக்கு 125 மி.லி. தண்ணீர் குடிக்க வேண்டும், இவருக்கு அந்த அளவே பாரம்.

வாய்க்கு ஃப்ளூகோனசோல் நாளுக்கு 100 மி.கி., ஏழு நாள். லேசான தொற்றாக இருந்திருந்தால் நிஸ்டாட்டின் சொட்டுமருந்து போதும்: மி.லி.க்கு ஒரு லட்சம் யூனிட் உள்ளதில் 4 முதல் 6 மி.லி., நாளுக்கு நான்கு முறை, வாயில் முடிந்தவரை வைத்திருந்து விழுங்க வேண்டும். பல்செட்டையும் சேர்த்துக் கவனிக்காவிட்டால் மருந்து முடிந்த வாரமே தொற்று திரும்பும். இரவு முழுக்கக் கழற்றி, தூரிகையால் தேய்த்து, பல்செட்டுக்கான கிருமிநாசினிக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். எடை குறைந்ததில் ஈறு சுருங்கி செட் தளர்ந்து உரசியதால் சாப்பிடும்போது மட்டும் போட்டுக்கொண்டார். வாய் கொப்பளிக்க ஒரு குவளை, அதாவது 240 மி.லி. நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி., மூன்று முக்கிய வேளைகளுக்கும் அரை மணி முன்பு. இரைப்பையை வேகமாகக் காலியாக்கும் என்பதால் வயிறு முட்டுவதற்கு இது பொருத்தம். குடல் முழுதாக அடைத்திருந்தால் கூடவே கூடாது, சுருட்டி இழுக்கும் வலியைத் தரும். கை நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

பசியைக் கூட்டும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் நான்காம் நாள்தான் தொடங்கியது. அது பூஞ்சையை வளர்க்கும் என்பதால் வாய்ச் சிகிச்சையை முந்தவிட்டார்கள். காலையில் 4 மி.கி., உணவோடு. மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும். ஏழு நாள் பார்த்துப் பலன் இல்லையென்றால் நிறுத்துவது என்று தொடங்கும்போதே எழுதி வைக்கப்பட்டது. ஸ்டீராய்டு தரும் பசி சில வாரங்களில் மங்கிவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தொடை தசைகள் நலிந்து நாற்காலியிலிருந்து எழவே முடியாமல் போகும். காலை டோஸுக்கு மாலையில்தான் சர்க்கரை உச்சத்துக்குப் போகும் என்பதால் மாலை உணவுக்கு முன் ஒருமுறை மட்டும் பார்த்தார்கள். 230 முதல் 260க்குள் நின்றது, இன்சுலின் தேவைப்படவில்லை.

வேறு வழிகளும் பேசப்பட்டன. மெஜெஸ்ட்ரால் பசியைக் கூட்டும். ஆனால் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான். ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு, கணையப் புற்றில் அந்த ஆபத்து ஏற்கனவே அதிகம். ஓலன்சபின் நாளுக்கு 2.5 மி.கி. பசியையும் எடையையும் கூட்டியதாக 2023இல் வந்த ஆய்வைத் தொடர்ந்து அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் அதைத் தன் வழிகாட்டியில் சேர்த்தது. வாரங்கள் அல்ல, மாதங்கள் எஞ்சியிருக்கும் நோயாளிக்கு அது நல்ல தேர்வு. இவருக்கு மெட்டோகுளோபிரமைடு தேவைப்பட்டது. இரண்டையும் சேர்த்தால் நடுக்கமும் விறைப்பும் கூடும். கல்லீரல் உறை இழுபட்டு வந்த வலிக்கும் ஸ்டீராய்டு உதவும் என்பதால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது.

தட்டில் என்ன மாறியது

பெரிய தட்டு போய், 15 செ.மீ. சிறு தட்டு வந்தது. ஒருமுறைக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டிதான். மீதம் வைப்பதற்கு எதுவும் இல்லாதபடி. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, கேட்டால் மட்டும். காலையில்தான் இவருக்குக் கொஞ்சம் பசி இருந்தது, அதனால் நாளின் பெரிய உணவு காலைக்கு நகர்ந்தது. சாப்பிடும்போது தண்ணீர் இல்லை. குடிப்பது அரை மணி முன்போ பின்போ. வாசனையே குமட்டியதால் சூடான உணவுக்குப் பதில் அறை வெப்பத்தில் அல்லது குளிர்ச்சியாக, சமைக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்கார வைத்துக் கொடுத்தார்கள். உலோகக் கரண்டி மாறிப் பிளாஸ்டிக் கரண்டி வந்தது. இறைச்சி கசந்ததால் புரதம் முட்டை, தயிர், பால் வழியாகப் போனது.

சத்துக் கூட்டிய பால் இப்படி: முழுக்கொழுப்புப் பால் 500 மி.லி., கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 60 கிராம், அதாவது குவித்த நான்கு மேசைக்கரண்டி. பவுடரை முதலில் கொஞ்சம் பாலில் குழைத்துக்கொண்டு பிறகு மீதியைச் சேர்த்தால் கட்டி பிடிக்காது. 100 மி.லி.யில் ஏறக்குறைய 105 கலோரி, 7 கிராம் புரதம். குடிப்பதற்கு மட்டுமல்ல, சூப்புக்கும் கூழுக்கும் தண்ணீருக்குப் பதில் இதுவே. மி.லி.க்கு 2 கலோரி தரும் ஊட்டச்சத்துப் பானத்தை டம்ளரில் ஊற்றி முன்னால் வைத்தால் யாரும் குடிப்பதில்லை. மாத்திரை விழுங்கும் நேரங்களில் தண்ணீருக்குப் பதிலாக 50 மி.லி., நாளுக்கு நான்கு முறை என்று கொடுத்தால் சத்தமில்லாமல் 400 கலோரி போய்விடும்.

இதெல்லாம் நொதி சரியாக இருந்தால்தான். சிறு உணவுக்கும் பாலுக்கும் கொழுப்பைச் செரிக்கும் நொதியான லிப்பேஸ் 25,000 யூனிட், பெரிய உணவுக்கு 50,000. முதல் வாய் எடுக்கும்போது பாதி, நடுவில் பாதி. முழுதாக விழுங்க முடியாதபோது கேப்ஸ்யூலைத் திறந்து, மணிகளை நசுக்காமல், புளிப்புள்ள பழக்கூழ் ஒரு கரண்டியில் கலந்து மெல்லாமல் உடனே விழுங்கி, வாயைக் கொப்பளிக்க வேண்டும். ஒரே ஒரு நொதி மணி கன்னத்தில் தங்கினாலும் அந்த இடம் புண்ணாகும். வெறும் பழம், தண்ணீர் போன்ற கொழுப்பில்லாதவற்றுக்கு நொதி தேவையில்லை.

எட்டாம் நாளுக்குள் உட்கொள்ளல் 450 கலோரியிலிருந்து சுமார் 950 ஆனது. இதை எழுதுவது திருப்திக்காக அல்ல. அறிகுறிகளை நோயாளியே 0 முதல் 10 வரை (10 என்றால் மிக மோசம்) மதிப்பிடும் எட்மன்டன் அறிகுறி மதிப்பீட்டில் பசியின்மைக்கு அவரே கொடுத்த எண் 9இலிருந்து 4க்கு வந்தது, அதுதான் பேச வேண்டிய விஷயம். மலம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உருவத்தோடு போனது. கைக்குட்டைகள் தலையணைக்கு அடியில் இல்லை. மகளின் நோட்டை மூடி வைக்கச் சொன்னபோது முதலில் தயங்கினார், "எழுதலைன்னா நான் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கு" என்றார். ஊட்டும் வேலைக்குப் பதிலாக வாய்ப் பராமரிப்பையும், கால் பிடித்து விடுவதையும் அவர் கையில் கொடுத்தார்கள். பராமரிப்பவரிடமிருந்து ஒரு வேலையை எடுத்தால் இன்னொன்றைத் தர வேண்டும்.

நான்காம் வாரம்

மூன்றாம் வார முடிவில் பசி மறுபடி மங்கியது. டெக்ஸாமெத்தசோன் 2 மி.கி.க்குக் குறைந்தது. பி.பி.எஸ். 40, பிறகு 30. நாளில் பெரும்பகுதி தூக்கம். வாய், குடல், குமட்டல், வலி, மருந்து என்று முதல் நாள் பட்டியலை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். திருத்தக்கூடியதாக எதுவும் கிடைக்கவில்லை. இந்த மறுபரிசோதனையை விட்டுவிட்டு 'இது இறுதிக் கட்டம்' என்று முடிவுகட்டக் கூடாது. செய்து முடித்த பிறகு அதைச் சொல்லத் தயங்கவும் கூடாது.

தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தது, குரல் ஈரமாக ஒலித்தது. உணவை, விழுங்கச் சிரமப்படுபவர்களுக்காக உணவு, பானங்களின் கெட்டித்தன்மையை வகுக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவையின் 4ஆம் நிலைக்கு மாற்றினார்கள். கட்டியில்லாத கூழ், கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே திரளாக விழ வேண்டும். பானம் 2ஆம் நிலை. 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டால் 4 முதல் 8 மி.லி.க்குள் மிஞ்ச வேண்டும். வீட்டில் கலக்கும்போது பெரும்பாலும் பசைபோல் ஆகிவிடும், நோயாளி வாயைத் திறக்கவே மாட்டார். இவருக்கும் அது பிடிக்கவில்லை, சாதாரணத் தண்ணீரே வேண்டும் என்றார். இருமலின் ஆபத்தை விளக்கி, அவர் சம்மதத்தைக் கோப்பில் எழுதி, நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, அரைத் தேக்கரண்டி அளவில் கொடுத்தார்கள். தொண்டை மேலெழுந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. முடிந்ததும் கன்னத்துக்குள் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, அரை மணி நேரம் சாய்க்காமல் வைப்பது. தூக்கக் கலக்கத்தில் ஊட்டுவது மட்டும் எந்தச் சூழலிலும் இல்லை.

அப்படி ஒரு மாலை, கண் சொருகும் நேரத்தில் மகள் கரண்டியை உதட்டருகே வைத்திருந்தார். "அப்பா, இன்னும் ஒரே ஒரு வாய்." அவர் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் கேள்வி வந்தது: மூக்குக் குழாய் போடக் கூடாதா, குளுக்கோஸாவது ஏற்றக் கூடாதா?

குழாயும் டிரிப்ஸும்

இந்தக் கேள்விக்கு மருத்துவக் காரணங்களோடு ஆரம்பித்தால் பேச்சு தோற்றுவிடும். முதலில் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்க வேண்டும். "அப்பா பசியோட போயிடுவாரோன்னு" என்றார். அந்தக் கேள்வியை அப்பாவிடமே, விழித்திருந்த நேரத்தில், மகள் முன்னாலேயே கேட்டார்கள். "பசிக்கலைம்மா. வாய்தான் காயுது."

1994இல் வெளியான ஓர் ஆய்வு, நினைவோடு இருந்த 32 இறுதிக்கட்ட நோயாளிகளைக் கடைசி வரை கவனித்தது. 63 சதவீதத்தினருக்குப் பசியே எழவில்லை, 34 சதவீதத்தினருக்குத் தொடக்கத்தில் மட்டும் இருந்தது. பசி, தாகம், வாய் வறட்சி எது வந்தாலும் ஒரு வாய் உணவும், சில மிடறு நீரும், வாயை ஈரமாக வைப்பதும் போதுமானதாக இருந்தன. மீளாக் கேகெக்ஸியாவில் குழாய் வழியே போகும் சத்து தசையாக மாறுவதில்லை. குழாய் இருந்தாலும் உமிழ்நீர் நுரையீரலுக்குள் போவதை அது தடுப்பதில்லை, உணவு மேலேறி வருவதும் சேர்ந்துகொள்ளும். மூக்கு புண்ணாகும், பிடுங்குவார் என்று கையைக் கட்டும் நிலை வரும். ரத்தக் குழாய் வழியே ஏற்றும் ஊட்டம், குடல் வேலை செய்யாத, ஆனால் இரண்டு மூன்று மாதமாவது ஆயுள் எதிர்பார்க்கும், நடமாட்டமுள்ள நோயாளிக்கு யோசிக்க வேண்டியது.

நீரைப் பற்றியும் தெளிவான சான்று உண்டு. ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளுக்கு நாளுக்கு 1000 மி.லி. உப்புநீரோ 100 மி.லி. உப்புநீரோ தோலடியில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. சோர்வு, மயக்கம், தசைத் துடிப்பு, மாயத் தோற்றம் இவற்றின் கூட்டு மதிப்பில் வித்தியாசம் இல்லை, ஆயுளிலும் இல்லை. இவருக்குக் காலில் வீக்கம் தொடங்கியிருந்தது. ஏற்றும் நீர் ரத்தக் குழாயில் நில்லாமல் காலுக்கும் நுரையீரலுக்கும் தொண்டைச் சளிக்கும்தான் போயிருக்கும்.

அதற்காக டிரிப்ஸே கூடாது என்பதில்லை. வாந்தி பேதியால் திடீரென நீர் இழந்தவர், கால்சியம் ஏறிக் குழம்புபவர், மார்ஃபின் கழிவு தேங்கித் துடிப்பும் பிதற்றலும் வந்தவர் ஆகியோருக்கு இரண்டு நாள் சோதித்துப் பார்க்கலாம். வயிற்றுத் தோலிலோ தொடையிலோ 24 கேஜ் ஊசி, நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் போகாமல் உப்புநீர். எதைப் பார்த்துத் தொடர்வோம், எதைப் பார்த்து நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்பே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தொடங்கியதை நிறுத்தும்போது அது கைவிடுவதாகத் தெரியும்.

கடைசி ஆறு நாள்

பி.பி.எஸ். 20, பிறகு 10. உட்கொள்ளல் சில மிடறு, அப்புறம் அதுவும் இல்லை. நொதி, மெட்டோகுளோபிரமைடு, சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் நின்றன. விழுங்க முடியாததால் மார்ஃபின் தோலடி வழிக்கு மாறியது. டெக்ஸாமெத்தசோன் வாரக்கணக்கில் எடுத்திருந்ததால் திடீரென விடாமல், சிறு அளவில் அதே வழியில் தொடர்ந்தது.

வாய்ப் பராமரிப்பு மணிக்கு ஒருமுறை. மகள்தான் செய்தார். குழந்தைகளுக்கான மென்மையான தூரிகையை நீரில் நனைத்து, உதறி, ஈறு, நாக்கு, கன்னம் என்று மெல்லத் தடவுவது. பஞ்சுமுனைக் குச்சி பயன்படுத்தினால் முனை உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, பிழிந்து, ஒருமுறை பயன்படுத்தியதும் எறிய வேண்டும். கடிக்கும் நோயாளியிடம் முனை கழன்று தொண்டைக்குள் போனதுண்டு. எலுமிச்சை கிளிசரின் தடவிய குச்சிகள் வாயை இன்னும் உலர்த்தும், எரிக்கும், அவற்றைத் தவிர்க்க வேண்டும். உதட்டுக்கு நீரடிப்படைக் களிம்பு. ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். விழித்த நேரத்தில் அவருக்குப் பிடித்த காபியில் தூரிகையை நனைத்து நாக்கில் தொட்டு வைத்தார்கள். விழுங்குவதற்கு அல்ல, ருசிக்கு. தொண்டையில் சளிச் சத்தம் வந்தபோது ஒருக்களித்துப் படுக்க வைத்ததே போதுமானதாக இருந்தது.

வேறு நோய்களில்

இந்த நிகழ்வின் முடிவுகளை எல்லா இறுதிக்கட்ட நோயாளிக்கும் பொருத்தக் கூடாது. இயக்க நரம்பு நோயில் பசி இருக்கும், விழுங்கத்தான் முடியாது. அங்கே வயிற்றுக் குழாய் உண்மையிலேயே உதவும். மூச்சுக் கொள்ளளவு இயல்பான அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும். அதன் பிறகு குழாய் வைப்பதே ஆபத்தாகிவிடும். முற்றிய மறதி நோயில் நேர் எதிர். குழாய் ஆயுளையும் கூட்டுவதில்லை, நிமோனியாவையும் குறைப்பதில்லை. கையால் பொறுமையாக ஊட்டுவதே அங்கே பரிந்துரை.

தலை கழுத்துப் புற்றுநோயில் பலர் கதிர்வீச்சுக் காலத்திலேயே குழாய் வைத்துக்கொண்டு ஹாஸ்பிஸுக்கு வருவார்கள். அவர்களிடம் கேள்வி எப்போது குறைப்பது என்பதாக மாறும். பி.பி.எஸ். 20க்கு வந்து, உணவு எதுக்களித்து வருவது, வயிறு உப்புவது, மூச்சில் களகளவென்ற ஒலி, கால் வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அளவைப் பாதியாக்கி ஓரிரு நாள் பார்க்க வேண்டும். தணியவில்லையென்றால் உணவை நிறுத்தி, குழாயை மருந்துக்கும் அதைக் கழுவிவிட 20 முதல் 30 மி.லி. நீருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்தியிருப்பது கடைசிவரை மாறாது. குறைக்கும் முன் குடும்பத்தில் யாரிடம் சொல்லப்பட்டது, யார் இன்னும் வந்து சேரவில்லை என்பதைக் கோப்பில் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். இரவுப் பணிக்கு வரும் செவிலியரிடம் வெளியூரிலிருந்து வந்திறங்கிய மகன் முதலில் கேட்பது "ஏன் ஃபீடை நிறுத்தினீங்க?" என்பதாகத்தான் இருக்கும்.